குறை சொல்ல முடியாத ஹோட்டல்

சாப்பாட்டு மேசையில் மாஸ்டர் நல்ல மனநிலையில் இருந்தார். "வர்ற வாரக்கடைசி சேர்ந்தாப்பல லீவு வருது. சிட்டிக்குப் போய்த் தங்கிட்டு வரலாம்" என்றார். சின்னவன் நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தான். வீட்டில் அவனுக்கு வண்டு என்று பெயர், ஓரிடத்தில் நிற்கமாட்டான். பெரியவள் மட்டும் தட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

"ஹோட்டல நீயே பாரு" என்று மாஸ்டர் மனைவியிடம் சொன்னார். "குடும்பத்தோட தங்கற மாதிரி இருக்கணும். போன தடவ மாதிரி சொதப்பிடாத."

"சரிங்க" என்றாள்.

போன தடவை கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டல். அவள்தான் பார்த்தாள். குழாயில் சுடுதண்ணீர் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. திரும்பி வந்தபோது அவள் மணிக்கட்டில் கட்டு இருந்தது. அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோது, ஹோட்டல் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். டாக்டரம்மா அவள் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

மாஸ்டரைப் பற்றி வெளியே யாரும் ஒரு சொல் தவறாகச் சொல்லமாட்டார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். கைகால் உதறும் பெண்களைக்கூட, "மெதுவா, பதறாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று பேசிப் பேசியே மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். இவ்வளவு பொறுமையான மனிதர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவர்களில் சிலர் அவளிடமே சொல்லியிருக்கிறார்கள். அவளும் சிரித்துவைத்திருக்கிறாள்.

மதிய இடைவேளையில், கருவிகளைக் கொதிக்கவைக்கும் சின்ன அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தாள். படங்களைப் பார்த்து மயங்கவில்லை. புகழ்ந்து எழுதியிருப்பதையெல்லாம் தள்ளிவிட்டு, திட்டி எழுதியிருப்பதை மட்டும் படித்தாள். பக்கத்து அறையில் சத்தம். லிஃப்ட் நின்றுவிட்டது. துண்டில் கறை. காலை உணவு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. ஒவ்வொன்றையும் படிக்கும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கறைபட்ட துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுதான் நீ பாத்த லட்சணமா?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. அந்த ஹோட்டலைக் கழித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

நகரத்தில் அத்தனை ஹோட்டல்கள் இருந்தும் அவள் கண்ணுக்கு எதுவும் தேறவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது. நீச்சல் குளம், குழந்தைகள் விளையாட இடம், சுடுதண்ணீர், அமைதியான தெரு. திட்டியவர்கள்கூட ஒப்புக்குத்தான் திட்டியிருந்தார்கள். மனம் ஆறாமல் போன் போட்டாள். வரவேற்பில் இருந்த பெண் பொறுமையாகவே பதில் சொன்னாள்.

"ஃபேமிலி ரூம் இருக்கு மேடம். பெரிய ரூம். நாலு பேரும் ஒண்ணாவே தங்கலாம்."

நாலு பேரும் ஒரே அறையில். அவளுக்கு அது சரிப்படாது. எது நடந்தாலும் பிள்ளைகள் கண் முன்னால் நடக்கும்.

"வேற மாதிரி இருக்கா?"

"பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ரூம் தரலாம். நடுவுல கதவு இருக்கும். குழந்தைங்க அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். நிறையப் பேர் அததான் கேப்பாங்க."

"அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா?"

"ரெண்டு பக்கமும் உண்டு மேடம்."

"குழந்தைங்க பக்கம் தாழ் போட்டா, இந்தப் பக்கத்துலேருந்து திறக்க முடியுமா?"

"முடியாது மேடம்" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி.

ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவளுக்கே புரியவில்லை. அந்த அறைகளையே சொல்லிவைத்துவிட்டாள்.

போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். மாஸ்டர் அறைக்குள் நுழைந்து குழாயைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தார். ஆவி பறந்தது. படுக்கை விரிப்பைத் தடவினார். ஜன்னலைச் சாத்தித் தெருச் சத்தம் கேட்கிறதா என்று நின்று பார்த்தார். அவள் சுவரோரம் பையைப் பிடித்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் போல நின்றாள்.

"பரவால்லையே, தேறிட்டியே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உயிர் வந்தது. அன்று சாயங்காலம் முழுக்க மாஸ்டர் குளத்தில் வண்டுவோடு விளையாடினார். பெரியவள்கூடத் தண்ணீரில் காலைத் தொங்கவிட்டுச் சிரித்தாள். கரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு, இத்தனை வருஷமும் இடம்தான் சரியில்லாமல் போயிருக்கிறது, எல்லாவற்றையும் சரியாகப் பார்த்துச் செய்தால் இந்த மனிதர் இப்படியே இருந்துவிடுவார் என்று தோன்றியது. அதை நம்பவும் நம்பினாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் வண்டு பழச்சாற்றைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான். பரிமாறுகிறவர் ஓடிவந்து துடைத்துவிட்டார், வயதானவர். "சட்டைக்கும் பசிக்குது போல தம்பி" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு, கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பெரியவள் உடனே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு அந்த மௌனம் பழக்கம்.

மேலே வந்ததும், "ரெண்டு பேரும் உங்க ரூமுக்குப் போய் டி.வி. பாருங்க" என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு நடுக்கதவைச் சாத்தினார். "அவன்கிட்ட என்னடி இளிப்பு?" என்றார்.

"அவரு பெரியவருங்க... குழந்தைய..."

முதல் அடி காதோடு விழுந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுடுதண்ணீர் வந்தது, லிஃப்ட் ஓடியது, துண்டில் ஒரு கறை இல்லை. ஒரு குறையும் இல்லாத ஹோட்டலில் வாங்குகிற அடியும் அதே மாதிரிதான் வலித்தது. உதட்டில் உப்புக் கரித்தது. இதற்கும் ஹோட்டலுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நடுக்கதவு திறந்தது. பெரியவள் நின்றாள்.

"அம்மா, இங்க வா."

"உள்ள போடி" என்றார் மாஸ்டர்.

"அம்மா, வா."

அவர் மகள் பக்கம் திரும்பினார். அதுவரை பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லை. இப்போது கை ஓங்கியது. கட்டிலோரம் இருந்தவள் எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மகளை இடித்துத் தள்ளிக்கொண்டு அந்த அறைக்குள் விழுந்து, கதவை அறைந்து தாழ் போட்டாள்.

கதவு அதிர்ந்தது. வண்டு மேசைக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டான். சற்று நேரத்தில் இடிப்பது நின்று, வண்டி பழக்கும்போது பேசும் அந்தக் குரல் வந்தது. "பதறாத. மெதுவாக் கதவத் திற. ஒண்ணும் பண்ண மாட்டேன்." அந்தக் குரல்தான் அவளை நடுங்கவைத்தது. சுற்றிக்கொண்டு வருவார் என்று தெரிந்து, நடைவழிக் கதவுக்கு ஓடிச் சங்கிலியை மாட்டினாள். பிறகு போனை எடுத்து வரவேற்பைக் கூப்பிட்டாள். "யாராச்சும் வாங்க. எங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

மேலாளர் வந்தபோது மாஸ்டர் நடைவழியில் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தார். "சின்னச் சண்ட சார். எந்த வீட்ல இல்ல? கோச்சுட்டுக் கதவப் பூட்டிக்கிட்டா" என்று சிரித்தார். மேலாளரும் சிரித்தார். நம்புவதுதான் அவருக்கும் வசதி. சங்கிலியோடு அவள் கொஞ்சமாகத் திறந்த கதவிடுக்கில் குனிந்து, "மேடம், குடும்ப விஷயம் உள்ளயே பேசித் தீத்துக்கலாமே. மத்த கெஸ்ட்டெல்லாம் பாக்கறாங்க" என்றார்.

வழுக்கி விழுந்தேன், கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியே பழகிய வாய் அவளுக்கு. உண்மைக்குச் சொல் வைத்திருக்கவில்லை.

பெரியவள் அவளை விலக்கிவிட்டு, சங்கிலி இடைவெளியில் முகத்தை வைத்தாள். "எங்கப்பா எங்கம்மாவ அடிக்கிறாரு. வீட்லயும் அடிப்பாரு. எப்பவும் அடிப்பாரு."

குளத்துக்குப் புறப்பட்ட குடும்பங்கள் துண்டும் கையுமாக அப்படியே நின்றன. "சின்னப் பொண்ணு, டி.வி. பாத்துட்டு உளறுது" என்றார் மாஸ்டர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். மேலாளரிடம், "இவரக் கீழ கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா நான் போலீஸக் கூப்பிடுவேன்" என்றாள். கதவைப் பார்த்து, "நீங்க வாங்க, நான் நிக்கிறேன்" என்றாள்.

அவளுடைய அக்கா வந்து அழைத்துப் போகும்வரை அந்தப் பெண் கூடவே உட்கார்ந்திருந்தாள். ஊர் பேர் எதுவும் கேட்கவில்லை.

அதன்பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஊரில் மாஸ்டர் பக்கம்தான் கூட்டம். அவரிடம் வண்டி பழகியவர்கள் அவள் நடத்தையைப் பற்றிப் பேசினார்கள். டாக்டரம்மா மட்டும் போன் செய்து, "அன்னைக்கே நான் விடாமக் கேட்டிருக்கணும்" என்றார். அக்கா வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அக்கா புருஷன் நல்ல மனிதர்தான், ஆனாலும், "எவ்வளவு நாளைக்கு?" என்ற கேள்வி அவர் முகத்தில் வந்து வந்து போனது. அடிபட்ட காதில் பாதிதான் கேட்கும் என்று காது டாக்டர் சொல்லிவிட்டார்.

பெரியவள் ஒரு தடவைகூட அழவில்லை. அதுவே பெற்றவளுக்குப் பயமாக இருந்தது.

வண்டு துள்ளுவதை விட்டுவிட்டான். ஒருநாள் மாலை, சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளிடம் வந்து, "நீ வேற ஹோட்டல் பாத்திருந்தா நாம இப்ப வீட்ல இருந்திருப்போம் இல்ல?" என்று கேட்டான்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இல்லடா. எந்த ஹோட்டலா இருந்தாலும் அப்பா அடிச்சிருப்பாரு."

"நீ சிரிச்சே. நான் பாத்தேன்" என்றான்.

கையை நீட்டினாள். அவன் பெரியவளிடம் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் சட்டையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்துக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள்.