ஒரு மூடித் தண்ணீர்

வீராயி பாலாடையின் மூக்கைத் தம்பியின் உதட்டிடுக்கில் வைத்து அழுத்தினாள். கொளஞ்சியப்பன் பல்லைக் கிட்டித்துக்கொண்டார். பால் தாடையில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது.

"குடிடா சாமி. அக்கா வந்திருக்கேன் பாரு. மீன்சுருட்டியிலேருந்து ஓடியாந்திருக்கேன். ஒரு வாய்டா."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கால்மாட்டில் உட்கார்ந்து வீராயியின் மகள் ராசாத்தி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் தம்பியைத்தான் அவள் கட்டியிருந்தாள். அவருடைய கால் நாள் கணக்கில் கடலின் உப்புத் தண்ணீரில் ஊறியது. டவுன் ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்தும் நிற்கவில்லை. இப்போது முழங்கால்வரை கறுத்துவிட்டது. பொழுது சாயத் தாங்காது என்று காலையில் வந்த வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார்.

கொழும்பில் கரி அள்ளிக்கொண்டிருந்த கொளஞ்சியப்பன், உலகச் சண்டை தொடங்கி ஆள் பற்றாமல் போனபோது சரக்குக் கப்பலில் அடுப்புக்குக் கரி போடப் போனார். ராசாத்தியின் தம்பி குருநாதனையும் கூட்டிக்கொண்டு போனார். அவனுக்குப் பதினெட்டு வயது. போன ஐப்பசியில் நீர்மூழ்கி அடித்துக் கப்பல் முழுகியது. படகில் ஏறியவர்களில் பதினாலு பேர் பிழைத்தார்கள். தை மாதம் கம்பு ஊன்றி ஆண்டிமடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவர், வீட்டு வாசலிலேயே அக்காவிடம் சொன்னார்: "குரு அடியில கரி போட்டுக்கிட்டிருந்தான்க்கா. குண்டு வுழுந்த எடமே அதான். அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீராயி இத்தனை நாளும் சோறு தின்றாள். "எம்புள்ள தவிக்காமப் போயிட்டான்" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொன்னாள்.

"ராசாத்தி, அக்காவ வெளிய இருக்கச் சொல்லு" என்றார் கொளஞ்சியப்பன்.

புருஷன் பெண்டாட்டி பேச்சு என்று நினைத்து வீராயி பாலாடையோடு எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அக்கா கையால எனக்கு வாணாம்."

"ஏன் மாமா? அம்மா உங்கள என்ன பண்ணுச்சு?"

"குரு கப்பலோட போவல."

ஈ ஓட்டிய கை நின்றது.

"ஒம்பது நாளு படகுல எம்பக்கத்துலதான் இருந்தான். ஆளுக்குக் காலைல ஒரு மூடித் தண்ணி, சாயங்காலம் ஒரு மூடி. டப்பா மூடி. எட்டாம் நாளு அவனால தல தூக்க முடியல. அவன் மூடியையும் எங்கையிலதான் குடுத்தாங்க, ஊட்டச் சொல்லி." மூச்சு வாங்கினார். "அன்னிக்கு ஒதட்ட மட்டும் நனச்சேன். மிச்சத்த நான் குடிச்சிட்டேன். மறுநாளு அதுவும் நனைக்கல. எப்புடியும் போயிருவான்னு நெனச்சேன். கண்ணத் தொறந்து பாத்துக்கிட்டே இருந்தான். பத்தாம் நாளு விடியக்குள்ள போயிட்டான்."

"அப்புறம்?"

"அடுத்த நாளே கப்பல் வந்துருச்சு."

குரு மூச்சுவிடாமல் தண்ணீர் குடிப்பான். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது வாய்க்காலில் கவிழ்ந்து கிடந்து குடிப்பான். மாடு மாதிரி குடிக்காதடா, பொரையேறும் என்று ராசாத்தி அவன் முதுகில் அடிப்பாள்.

"நான் போனப்புறம் அக்காகிட்ட சொல்லிரு" என்றார். பிறகு நாக்கு உதட்டைத் துழாவியது. "தண்ணி குடு."

பானை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மேலே சொம்பும் கவிழ்த்திருந்தது. ராசாத்தி பானையைப் பார்த்தாள். கை எழவில்லை. அவர் இன்னொரு முறை கேட்டார். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி சொல்றான்?" என்று வாசலிலிருந்து வீராயி கேட்டாள்.

"உள்ள வாம்மா. நீயே ஊத்து. இப்பக் குடிப்பாரு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கொளஞ்சியப்பன் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று தலை லேசாக அசைந்தது. அதற்குள் வீராயி வந்து அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாலாடை உதட்டில் பட்டதும் இந்த முறை வாய் திறந்தது.

"அப்புடித்தாஞ் சாமி. அப்புடித்தான்."

ஒரு மடக்கு இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. மூன்றாவது கடைவாயில் நின்றது. கண் ராசாத்தியின் மேலேயே இருந்தது. வீராயிதான் அதை மூடினாள்.

பொழுது சாயும்போது தெருவில் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள். அழுது தொண்டை கட்டிப்போன வீராயி மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"குரு பேரு எங்காதுல வுழுந்தாப்ல இருந்துச்சு. அவனப் பத்தி என்னடி சொன்னான்?"

ராசாத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூங்கில் பிளக்கும் சத்தம் நின்று மறுபடி கேட்டது.

"கடசி வரைக்கும் அவன் நெனப்பாவே இருந்தேன்னு சொன்னாரும்மா."

"இருக்காதா பின்ன? தோள்ல தூக்கி வளத்தவனாச்சே" என்று சொல்லி வீராயி மகளின் தோளில் தலையைச் சாய்த்தாள்.

தோப்பு வழியே ஓடிவந்ததில் அவள் தலைமுடியில் முந்திரிப் பூ ஒட்டியிருந்தது. ராசாத்தி அதை எடுத்துக் கீழே போட்டாள். காதோரம் இன்னொன்று இருந்தது. அதையும் எடுத்தாள்.