நாலு அகலச் சில்லு

என் வீட்டுக்காரர் வஸீருக்கு மூளை இல்லை என்று நான் ஒருவரிடமும் சொன்னது கிடையாது. சொல்லவேண்டிய தேவை வரவில்லை. கார் வாசலில் நின்றது, பார்த்தவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

அது நல்ல கார். சின்னதுதான். ஆனால் உம்மா, நான், தம்பி ஜெஸீம், போதாக்குறைக்கு ஒரு மூட்டை கருவாடு, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தலைமன்னாரிலிருந்து மன்னார் டவுனுக்கு முனகாமல் போய்வரும். அப்படிப்பட்ட காரின் நாலு சில்லையும் கழற்றிக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, கொழும்பிலிருந்து கறுப்பும் வெள்ளியுமாக மினுங்குகிற நாலு பெரிய சில்லை இறக்கிப் பூட்டினார். அதுவும் தம்பியின் கலியாணத்துக்கு முந்தின கிழமை. சில்லு பெரிது, அதைச் சுற்றி இருந்த டயரோ வளையல் மாதிரி மெல்லிசு. அகலத்துக்கு மட்டும் குறைவில்லை. காருக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது. அதோடு விட்டாரா? கார் உயர்ந்து நிற்கிறது, வடிவில்லை என்று ஸ்பிரிங்கையும் வெட்டிக் காரைப் பதித்துவிட்டார்.

"மாப்பிள்ளைய ஏத்திற கார் எண்டா இப்பிடித்தான் இருக்கோணும்," என்றார்.

டயர்க்கடைத் துஷாந்தன், "அண்ணே, மன்னாரில இப்பிடி ஒரு கார் இதுவரைக்கும் ஓடேல்ல," என்று சொல்லியிருக்கிறான். அந்த ஒரு சொல்லுக்காக என் மனிசன் கிணற்றிலும் குதிப்பார். ஏன் ஓடவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

இதற்கெல்லாம் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. வஸீருக்குக் கரைவலை இருக்கிறது. தோணியையும் வலையையும் கடற்கரையில் ட்ரக்டர்தான் இழுக்கும். "ட்ரக்டர் ஏன் மணல்ல புதையிறேல்ல? டயர் அகலம். இப்ப எங்கட காருக்கும் அகலம். இனி எங்க வேணுமெண்டாலும் போகலாம்," என்றார். ட்ரக்டரின் டயர் ஆள் உயரம், காற்றைக் குறைத்தால் மணலில் மெத்தென்று பரந்து நிற்கும். இது கருங்கல்லு. நான் சொன்னேன். நான் சொன்னால் எடுபடுமா? பொம்பிளைக்கு என்ன தெரியும் என்று துணியை எடுத்துச் சில்லைத் துடைக்கப் போய்விட்டார்.

முதல் நாள் பின் சீற்றில் நான் ஏறி உட்கார்ந்தேன். கார் நகர்ந்ததும் கர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். டயர் மேலே இருக்கிற தகரத்தில் உரசுகிறது.

"நஸ்லியா, கொஞ்சம் நடுவில இரு."

நடுவில் இருந்தேன். கர்ர்ர்.

"முன்னுக்குச் சாஞ்சு இரு."

சாய்ந்தேன். கர்ர்ர்ர்.

"இஞ்ச பாருங்கோ, நான் இறங்கிப் பின்னால நடந்து வரட்டா?" என்று கேட்டேன். பகிடிக்குத்தான் கேட்டேன். மனிசன் உண்மையாகவே யோசித்தார்.

அதற்குப் பிறகு அவர் தனியாகத்தான் ஓடினார். காலையில் துறைமுகப் பக்கம் ஒரு ஓட்டம், பின்னேரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஓட்டம். ஆள் ஏறாதவரைக்கும் அந்தக் காரில் ஒரு பிழையும் இல்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் தம்பியின் வாழ்க்கை அந்தக் காரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெஸீமும் றினோஸாவும் மன்னாரில் ஒரே கந்தோரில் வேலை. இவளைத் தவிர வேறு ஒருத்தி வேண்டாம் என்று அவன் நின்றான். அவளும் அப்படியே. சிலாவத்துறைக்கு அப்பால் இருக்கிற அவளுடைய வாப்பா மர்சூக் ஹாஜியார்தான் அசையவில்லை. நாங்கள் கெஞ்சி, ஆள் விட்டுப் பேசிய பிறகு, ஒருவழியாகக் கலியாணத்துக்கு நாள் குறிக்க எங்களைக் கூப்பிட்டார். பகல் ளுஹர் தொழுத கையோடு வரச் சொன்னார். என் வீட்டுக்காரர் பாலத்தடியில் காரை நிற்பாட்டிப் புழுதி துடைத்தார். பழைய சில்லோடு இருந்த காலத்திலேயே அந்தத் துடைப்பு! நாங்கள் போய்ச் சேர, சோறு ஆறிப்போய், ஊர்ப் பெரியவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். ஹாஜியார் கத்தவில்லை. உம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

"நிக்காஹ் அண்டைக்குப் பின்னேரம் அஸர் பாங்கு சொல்ல முதல் மாப்பிள்ளை என்ர வாசல்ல நிக்கோணும். பாங்கு சொல்லியும் வரேல்லயெண்டா, பந்தலைப் பிரிச்சுப் போடுவன். அதோட இந்தப் பேச்சு முடிஞ்சுது."

சொன்னதைச் செய்கிற மனிசன். அன்றிலிருந்து தம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

"ராத்தா, நான் ஷிராஸ்ட வேனில போறனே," என்று கலியாணத்தன்று காலையில் என்னிடம் கெஞ்சினான். ஷிராஸ் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், வேன் ஓட்டுகிறவன். நானும் சரி என்றேன். உம்மாதான் விடவில்லை. ராத்தாவின் புருசன் இருக்கும்போது வேறொருத்தன் மாப்பிள்ளையைக் கூட்டிப் போவதா, மருமகனின் மனது நோகாதா என்றார். மருமகனின் மனது! சில்லை உரசினால் நோகும், வேறு ஒன்றுக்கும் நோகாது. கடைசியில் உம்மாவும் சொந்தக்காரரும் வேனில் போக, தாலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காவலுக்கு நான் தம்பியோடு காரில் ஏறினேன்.

முதலாவது வேகத்தடையில் கார் நின்றது.

"எல்லாரும் இறங்குங்கோ," என்றார் வஸீர்.

"என்னத்துக்கு மச்சான்?" என்றான் தம்பி.

"பாரத்தோட ஏத்தினா அடி முட்டும்."

கோட்டும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை ரோட்டில் இறங்கினான். தாலிப் பெட்டியோடு நான் இறங்கினேன். காரைக் கோணலாகத் திருப்பி, பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அந்த மேட்டில் ஏற்றி இறக்கினார். நாங்கள் நடந்து போய் ஏறினோம். அடுத்த மேடு, மறுபடியும் இறங்கினோம். மதகில் இறக்கம். பள்ளத்தில் இறக்கம். வங்காலை தாண்டுவதற்குள் சொல்லாமலே கதவைத் திறக்கத் தம்பி பழகிவிட்டான். அரிப்பு ஊருக்குள் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்கு விருப்பமில்லப் போல, இறங்கி இறங்கி ஓடப் பாக்கிறார்," என்று ஒருத்தி சொன்னது எனக்கு நல்லாகக் கேட்டது.

தம்பி சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஒருவழியாக ஹாஜியார் வீட்டுக்குப் போகிற சின்ன ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தோம். ஒழுங்கை மணல். முந்தின நாள் பெய்த மழையில் மணலும் சேறும் ஒன்றாகிக் கிடந்தது. அதன் மறு முனையில் பந்தலின் மின்குமிழ்கள் பகலிலேயே எரிவது தெரிந்தது. ஷிராஸ் புத்தியுள்ளவன், வேனை ரோட்டிலேயே விட்டிருந்தான்.

"இஞ்சயே இறங்கி நடப்பம்," என்றேன்.

"விசரா உனக்கு? மாப்பிள்ளைய ரோட்டில இறக்கி நடத்திறதா? கார் வாசல்ல போய் நிக்கோணும். ஆக்கள் பாக்கோணும்."

"ஆரை? மாப்பிள்ளையையா, சில்லையா?"

மனிசன் காரை ஒழுங்கைக்குள் விட்டார். "அகல டயர், புதையாது," என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, கார் வயிற்றோடு சேற்றில் குந்திவிட்டது. மிதித்தார். நாலு சில்லும் சுற்றிச் சுற்றிச் சேற்றை எங்கள் கண்ணாடிக்கே அடித்தன. மினுக்கம் எல்லாம் போய்விட்டது.

அப்போதாவது மனிசனுக்குப் புத்தி வந்ததா? இறங்கிப் போய்க் குனிந்தார். "பயப்பிடாதீங்கோ, காத்தைக் குறைச்சாச் சரி. கடக்கரையில நாங்க செய்யிறதுதானே," என்று டயரில் காற்றைத் திறந்துவிட்டார். ட்ரக்டர் டயரில் குறைக்கக் காற்று இருக்கும். இந்த வளையலில் என்ன இருக்கும்? உஸ் என்று ஒரு மூச்சு. டயர் மடிந்து, சில்லை விட்டுக் கழன்று, சில்லு வெறும் இரும்பாகச் சேற்றில் உட்கார்ந்தது. ஒன்று போதாதென்று மற்றப் பக்கமும் திறந்துவிட்டிருந்தார்.

"மச்சான், ஸ்பெயார் டயர்?" என்றான் தம்பி.

"அது பழைய சைஸ். வடிவில்ல எண்டு வீட்ட வச்சிட்டு வந்தன்."

யா அல்லாஹ்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சில்லைக் கழற்றி அவருடைய தலையிலேயே பூட்டியிருப்பேன். அந்த நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு சொல்கிற மோதினார் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். தம்பியின் முகத்தில் இரத்தமே இல்லை. "ராத்தா..." என்றான்.

"சப்பாத்தக் கழட்டு. காற்சட்டைய மடி. நட!"

"நஸ்லியா! மாப்பிள்ளையிட மானத்த வாங்கப் போறியா?" என்று வஸீர் குறுக்கே வந்தார்.

"மானம் அந்தா சேத்துக்குள்ள குந்தியிருக்குது. நீங்க அதப் பாத்துக்கொண்டு இருங்கோ."

"நீங்களும் வாங்கோ மச்சான், சாட்சிக் கையெழுத்து நீங்கதானே வைக்கோணும்," என்று தம்பி கூப்பிட்டான். அந்த நேரத்திலும் அவன் கூப்பிட்டான்.

வஸீர் காரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "விட்டிட்டு வந்தா ஆராவது கீறிப் போடுவானுகள். நீங்க போங்கோ, வாறன்," என்றார்.

ஓடினோம். ஒரு கையில் தாலிப் பெட்டி, மறு கையில் என் சேலைத் தலைப்பு. தம்பி முழங்கால்வரை சேறு, தலைப்பாகை காதுக்கு மேல். வாசலில் பெண்ணின் சகோதரன் ஸாஜித் செம்போடு நின்றான். மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் சகோதரன் கழுவி, மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட்டு உள்ளே போவது எங்கள் வழக்கம். வழக்கத்துக்குச் செய்வதுதான். மினுங்குகிற காலில் நாலு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான். ஸாஜித் குனிந்து பார்த்தான், செம்பைப் பார்த்தான், உள்ளே திரும்பிக் கத்தினான்.

"வாளியக் கொண்டாங்கோ!"

பந்தல் முழுவதும் எட்டிப் பார்த்தது. ஸாஜித் கையை மடித்துக்கொண்டு தம்பியின் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். மற்றக் காலைத் தூக்கும்போது பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. மர்சூக் ஹாஜியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். அவர் மருமகனின் காலையும் வாளியில் கிடந்த கறுப்புத் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கார் எங்க?"

"புதைஞ்சிட்டு மாமா," என்றான் தம்பி.

"நல்லது. போன முறை காரில வந்து பிந்தினீங்க. இண்டைக்கு நடந்து நேரத்துக்கு வந்திருக்கிறீங்க." ஸாஜித்தின் பக்கம் திரும்பினார். "வடிவாக் கழுவு. தொழுதிட்டு நிக்காஹ்."

நான் தாலிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அஸர் தொழுது முடிய நிக்காஹ் நடந்தது. வஸீர் வைக்கவேண்டிய சாட்சிக் கையெழுத்தை வேன்காரன் ஷிராஸ் வைத்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே தங்குவான். மாப்பிள்ளைக் காருக்கு இருந்தது அந்த ஒரு ஓட்டம்தான்.

எல்லாரும் சஹன் என்கிற பெரிய தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு எழும்பிய பிறகு, என்ன இருந்தாலும் கட்டின மனிசன், பசியோடு இருப்பார் என்று ஒரு தட்டில் புரியாணியும் மேலே ஒரு பொரித்த கோழித் துண்டுமாக ஒழுங்கைக்குப் போனேன். இரண்டு கழுதைகள் காருக்குப் பக்கத்தில் நின்றன. வஸீர் சேற்றில் குந்தியிருந்து, நான் கலியாணத்துக்கென்று வாங்கிக் கொடுத்த வெள்ளைத் தொப்பியால் சில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நிக்காஹ் முடிந்ததா என்று கேட்பார் என்று நின்றேன்.

"ஹாஜியார் சில்லைப் பாத்தவரா?" என்றார்.

"கேள்விப்பட்டவர். இழுக்கிறதுக்கு ட்ரக்டர் அனுப்பிறாராம்," என்றேன். "நான் உம்மாவோட ஷிராஸ்ட வேனில போறன்."

மனிசனின் முகம் அன்றைக்கு அப்போதுதான் மலர்ந்தது.

"ஓம் ஓம், அதுதான் நல்லம். நீ ஏறினா உரசும்."

சோற்றுத் தட்டைக் காரின் பொனற்றில் வைத்தேன். கோழித் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.