காயலான் கடை லென்சு

ராபர்ட்சன்பேட்டையில் மனோகர் தன் வீடியோ கடையைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டு ஜெசிந்தா போனாள். சர்ச் திருவிழாவும் கல்யாணமும் படம்பிடித்துப் பிழைப்பவள். தோளில் வைத்து எடுக்கும் பழைய கேமரா ஒன்று மூலையில் கிடந்தது.

"அது வேணாம்மா, லென்சு போயிடுச்சு. காயலான் கடைக்குப் போவுது. அந்த விலைக்கே வேணும்னா தூக்கினு போ. ஆனா பொம்பள தோளு தாங்காது."

ஜெசிந்தா தன் பையிலிருந்த பேட்டரியை மாட்டி, கேமராவை வாசலுக்குத் தூக்கி வந்தாள். தூரத்தில் தங்கச் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டில் இருந்த ஒற்றைப் புதரை ஜூம் போட்டுக் கிட்டே இழுத்தாள். இலை இலையாகத் தெரிந்தது. ஜூமைக் குறைத்து மேடு முழுவதையும் காட்டியதும் எல்லாம் மங்கிப்போனது. லென்சே கெட்டிருந்தால் இரண்டுமல்லவா மங்கும்? லென்சின் பின்பக்கத்தில் கூர்மையைச் சரிசெய்யும் வளையத்தின் திருகாணி தளர்ந்து, வளையம் நகர்ந்திருந்தது. இதைக்கூடப் பார்க்காமல் இருபது வருஷம் கடை நடத்தியிருக்கிறார் மனுஷன். வளையத்தை மயிரிழை திருப்பினாள். மேடு பளிச்சென்று நின்றது. திருகாணியை முடுக்கினாள்.

மனோகரும் கண்ணை வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. அப்ப அந்த விலைக்குக் கட்டாதும்மா. ரெண்டு மடங்கு ஆவும்."

"சரி பண்ணது யாருண்ணா?"

"கேமரா என்னுதாச்சே."

ஜெசிந்தா திருகாணியைத் தளர்த்தி, வளையத்தைப் பழைய இடத்துக்கே தள்ளி, கேமராவை அவர் மேசைமேல் வைத்தாள்.

"இந்தாங்க, உங்க கேமரா. நீங்க குடுத்த மாதிரியே கீது. இப்ப சொல்லுங்க, இன்னா விலை?"