மாடி போனால் போகட்டும்

காரின் டிக்கியிலிருந்து மிளகாய் மூட்டைகளை நபீஹா தானே இழுத்து இறக்கினாள். மகன் சுஹைல் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. பூகம்பத்துக்குப் பிறகு மெர்சின் நகரில் அவன் வீட்டோடு இருந்தவள், சொந்த ஊரான அந்தாக்யாவை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கிளம்பியிருந்தாள். வழியில் சந்தையில் நிறுத்தச் சொல்லிச் சிவப்பு மிளகாயாக வாங்கிக் குவித்தபோதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். மெர்சினுக்குத்தான் வாங்குகிறாள் என்று நினைத்துவிட்டான், பாவம்.

அவர்கள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடம் இருந்த இடத்தில் கீழ்த்தளத்தின் சிமெண்டுத் தரை மட்டும் வெயிலில் கிடந்தது. இடிபாடுகளை அள்ளிப் போய்விட்டார்கள். அக்கம்பக்கத்திலும் அப்படித்தான், தெருவே பல் விழுந்த வாயாகிவிட்டது. நபீஹா பிளாஸ்டிக் விரிப்பை உதறி அந்தத் தரையில் விரித்தாள். செப்டம்பர் வெயிலில் மிளகாயைக் காயவைத்து, அரைத்து, வருஷத்துக்கும் விழுது எடுத்து வைக்காத வீடு இந்த ஊரில் வீடே அல்ல.

"அம்மா, இங்கயா காயப் போடப் போற?"

"வேற எங்க? எப்பவும் நம்ம மொட்டைமாடியிலதானே போடுவேன். மாடி கீழ வந்துடுச்சு. படியேற வேண்டாம், முட்டிக்கு நல்லது."

"இது காய எத்தனை நாளாகும்? சாயங்காலம் கிளம்பணும்மா."

"நீ கிளம்பு. நான் தங்கச்சிக்குக் குடுத்திருக்கிற கன்டெய்னர் வீட்டுல இருந்துக்கறேன்."

சுஹைலுக்கு முகம் சிவந்துவிட்டது. "தண்ணி ஒழுங்கா வராது. மூச்சை இழுத்தா சிமெண்டுத் தூசி. அங்க உனக்கு என்ன குறை வச்சோம்? உன் மருமக ஏதாவது சொன்னாளா?"

"அவ தங்கம். ஆனா அந்த ஊர்ல என்னைப் பார்க்கிறவங்க எல்லாம் 'ஐயோ, அந்தாக்யாவா'ன்னு தலையைச் சாய்க்கிறாங்க. நான் என்ன செத்த வீடா, எல்லாரும் துக்கம் விசாரிக்க?"

அவன் போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினான். அவள் மிளகாயைக் கீறி விதை எடுக்க ஆரம்பித்தாள். விரல் எரிந்தது. இத்தனை மாதமாகக் கையில் ஒன்றும் எரியவில்லையே என்று தோன்றியது. அந்த எரிச்சல் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தரை பாதி சிவந்திருந்தபோது மிதத் வந்து நின்றார். இதே கட்டடத்தில் அவர்களுக்கு எதிர் வீட்டில் குடியிருந்தவர். அவர் மனைவி நஜ்வாவின் உடலை இந்த இடிபாடுகளுக்கு அடியிலிருந்துதான் எடுத்தார்கள். நபீஹாவுக்கு அப்போதுதான் உறைத்தது, தான் எந்த இடத்தில் மிளகாய் பரப்பியிருக்கிறோம் என்று. கை நின்றுவிட்டது. இந்த மனிதர் எடு என்று சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்புறம் இந்த ஊரில் தங்க அவளுக்கு எந்த முகமும் இருக்காது.

"யாரைக் கேட்டு விரிச்ச?"

"யாரையும் கேக்கல அண்ணே."

"நஜ்வா இங்கதான்..." அவர் முடிக்கவில்லை.

மன்னிப்பு கேட்கத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு. "தெரியும் அண்ணே. அவ இருந்திருந்தா இந்நேரம் வெயில் விழுற பக்கத்தை வளைச்சுப் போட்டிருப்பா. வருஷா வருஷம் என் விரிப்பைச் சுருட்டித் தள்ளினவ. உங்களுக்கு மனசு பொறுக்கலன்னா சொல்லுங்க, அள்ளிடறேன். ஆனா அவளை மாதிரி திட்டிச் சொல்லுங்க. பாவம் பார்த்துச் சொல்லாதீங்க, என்னால தாங்க முடியாது."

மிதத் குனிந்து, விரிப்பின் ஓரத்தைப் பிடித்து விறுக்கென்று இழுத்தார். மிளகாய்கள் ஒருபக்கமாகச் சரிந்தன.

"இந்தப் பக்கம் அவளோடது. தள்ளிப் போடு. ஒரு கத்தி குடு."

"கையுறை போட்டுக்குங்க, எரியும்."

"எரியட்டும்" என்றபடி சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவர் மிளகாய் கீறிய லட்சணத்தைப் பார்த்து நபீஹாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அவள் அடக்கவில்லை.

அப்போது தெருமுனையில் இடிபாடு ஏற்றிய லாரிகள் வரிசையாகத் திரும்பின. பின்னால் தூசி சுவராக எழுந்து வந்தது. மிளகாய் மேல் அது படிந்தால் எல்லாம் குப்பைதான். நபீஹா எழப் பார்த்தாள், முட்டி பிடித்துக்கொண்டது. பின்னால் காரைக் கிளப்பும் சத்தம் கேட்டது. போகிறான், போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கார் சீறிக்கொண்டு போய்த் தெருவை அடைத்துக் குறுக்கே நின்றது. முதல் லாரி கிறீச்சிட்டு நின்றது. அதன் பின்னால் மற்றவையும் நின்று ஹாரன் அடித்தன. சுஹைல் கீழே இறங்கி, லாரிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்தான்.

"சுத்திப் போங்கடா! அம்மா மிளகாய் காயப் போட்டிருக்காங்க, கண்ணு தெரியலையா?"