ரேடியேட்டருக்குப் போகாத காற்று

மட்டாஞ்சேரியில் மிளகாய் மண்டி வைத்திருந்த அப்துல் ஜலீல் எழுபத்துமூன்றாம் வருஷம் வாங்கிய சின்னக் காருக்குள், வண்டி ஓடினாலும் நின்றாலும், கண்ணாடிகளை ஏற்றினாலும் இறக்கினாலும், குளிர்ந்த காற்று வீசிக்கொண்டே இருந்தது. அதே வண்டியின் ரேடியேட்டருக்குள் மட்டும் காற்று போகவில்லை. அந்த வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டு பாதி வற்றலில் பூஞ்சை விழுந்தது. பஜார் ரோட்டு மண்டிக்காரர்கள் சாயா குடிக்கும்போது பூஞ்சையையும் ஜலீலின் வண்டியையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள்.

வண்டி வாங்கியது ரம்லத்துக்காக. பாலக்காட்டிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்து மண்டியின் மேல்மாடியில் குடிவைத்த முதல் மாசமே மிளகாய் நெடி அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூச்சு இழுக்கும் சத்தம் கீழே எடை போடுகிறவர்களுக்குக் கேட்கும். மலைமேல் பீருமேட்டில் போய் இருந்தால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். பஸ்ஸில் கூட்டிப்போனார் ஜலீல். வைக்கம் தாண்டுவதற்குள் அவளைத் தூக்கி இறக்க வேண்டியதாயிற்று. வாடகைக் காரிலும் அதே கதை. அப்போதுதான் வெலிங்டன் தீவில் தேயிலைக் கம்பெனி மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊரைப் பார்க்கக் கிளம்பினார். அவருடைய கார் ஜலீலின் முற்றத்துக்கு வந்தது.

முதல் பயணத்தில் ரம்லத் பின் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பும் முன்பே அவள் தலைத்துணி பறந்தது. தோப்பும்படிப் பாலம் வருவதற்குள் மூச்சு சீராகிவிட்டது. திருப்பூணித்துறை வருவதற்குள் முன்னால் ஆவி கிளம்பி ரோடே தெரியவில்லை. ஜலீல் இறங்கி, பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றி, கையைச் சுட்டுக்கொண்டு நின்றார்.

"காத்து நல்லா வருதுங்க" என்றாள் ரம்லத் உள்ளேயிருந்து.

அதற்குப் பிறகு பல வருஷங்கள் அந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வதிலேயே போயின. தோப்பும்படியில் பட்டறை வைத்திருந்த உசிலம்பட்டிக்காரன் ஒச்சப்பன் முதலில் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டான். அடுத்த வருஷம் ரேடியேட்டரைக் கோயம்புத்தூருக்கு லாரியில் அனுப்பி உள்கூட்டையே மாற்றினான். விசிறியில் இறக்கைகளைக் கூட்டினான், அதைச் சுற்றித் தகரத்தில் கூடு அடித்தான், காற்று பக்கவாட்டில் நழுவாமல் இருக்க இடுக்கெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தான். ஹீட்டரைத் திறந்து விட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மேட மாசக் கோடை வெயிலில் ஜலீல் ஹீட்டரைத் திறந்துகொண்டு ஓட்டினார். அவர் முழங்காலுக்குக் கீழே கொப்புளம் போட்டது. பின் சீட்டில் ரம்லத் சால்வை கேட்டாள். இன்ஜின் எப்போதும் கொதிக்கும் இடத்தில் கொதித்தது.

ஒருநாள் ஒச்சப்பன் பீடியைப் பற்றவைத்து வண்டியின் முன் சல்லடைக்கு எதிரே புகையை ஊதினான். விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. புகை ரேடியேட்டரின் வாசல்வரை போய், நின்று, பானெட்டின் மேல் ஏறி, கண்ணாடிக்குக் கீழே இருந்த காற்றுத் துவாரத்தில் வரிசையாக நுழைந்தது. இன்ஜினை அணைத்த பிறகு ஊதினான். அப்போதும் அப்படியே.

"பாய், நானும் எத்தனையோ வண்டி பாத்துட்டேன்" என்றான். "காத்து வருது. இதுக்குள்ள போக மாட்டேங்குது. பிடிச்சா தள்ள முடியும்?"

"பிடிச்சுத் தள்ளு. அதுக்குத்தான உன்கிட்ட வந்தேன்" என்றார் ஜலீல். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஏலூர் உரத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்த வெங்கிடாசலம், மண்டியில் வற்றல் வாங்க வருகிறவர், பாலக்காட்டுப் பிராமணர், இதைக் கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார். வண்டி முழுக்கக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டினார். "காத்து உள்ள வரதுக்கு வழி இருந்தாப் போறாது, வெளியில போறதுக்கும் வழி வேணும், கேட்டேளா" என்றார். ரேடியேட்டருக்குப் பின்னால் காற்று முட்டி நிற்கிறது, அதனால்தான் புதுக் காற்று நுழையவில்லை என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் காற்றே இல்லாத அந்த உச்சிவெயிலில், நிற்கிற வண்டியின் மேல், நூல்கள் அத்தனையும் எழுந்து துவாரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன. உள்ளே போன காற்று எங்கே வெளியேறுகிறது என்று தேடினார். கதவு இடுக்கிலோ, அடித்தகட்டிலோ, டிக்கியிலோ ஒரு நூலும் அசையவில்லை. ரம்லத் பின் சீட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. சமையல் நேரம் போக மற்ற நேரமெல்லாம் வண்டியில்தான். உரித்த தோல் அவள் மடியிலிருந்து பறந்து, எங்கும் போய் ஒட்டாமல், இல்லாமல் போனது.

வெங்கிடாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "துவாரத்தை அடைச்சுப் பாருங்கோ. வேற வழியில்லாட்டா முன்பக்கமாத்தானே போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரம்லத்துக்கு அதில் இஷ்டமில்லை. "எங்க போகணும் இப்ப? நான் இதுக்குள்ள நல்லாத்தான இருக்கேன்" என்றாள்.

"வண்டின்னா போகணும் ரம்லத். முத்தத்துல உக்காந்து வெங்காயம் உரிக்கவா வாங்கினேன்? பீருமேட்டுல வீடு பேசி வெச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

எழுபத்தொன்பதில், மழை ஓய்ந்த ஒரு காலையில், ஒச்சப்பன் தகரத் தகடு ஒன்றை வெட்டித் துவாரத்தின் மேல் வைத்து மெழுகால் அடைத்தான். காருக்குள் காற்று நின்றது. ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கிய நூல் முதல் தடவையாக உள்நோக்கி இழுபட்டது. கோட்டயம்வரை சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. காஞ்சிரப்பள்ளி போயிற்று, முண்டக்கயம் போயிற்று, மலை ஏற ஆரம்பித்தும் முள் அசையவில்லை. பல வருஷத்துக் கோபமெல்லாம் இறங்கி ஜலீல் வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்டினார்: பீருமேட்டு வீட்டில் எந்தப் பக்கம் சன்னல், தண்ணீர் எங்கிருந்து வரும், வாரத்தில் எந்த நாள் தான் வந்துபோவது. ரம்லத் பதில் சொல்லாததை அவர் குட்டிக்கானத்தில்தான் கவனித்தார். திரும்பிப் பார்த்தபோது அவள் சீட்டில் சரிந்து கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது.

கதவைத் திறந்து அவளை வெளியே தூக்கி மலைக்காற்றில் கிடத்தினார். ஊர் ஜனமெல்லாம் தேடிவருகிற காற்று நாலு பக்கமும் அடித்தது. அவளுக்கு அதில் ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. மறுபடி அவளை உள்ளே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தகட்டைப் பிடித்து இழுத்தார். மெழுகு இளகவில்லை. நகத்தால் கிள்ளினார், ஸ்பானரால் நெம்பினார், இரண்டு நகம் பெயர்ந்து வந்த பிறகுதான் தகடு வந்தது. உள்ளே காற்று ஒரே மூச்சாக இறங்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. ரம்லத்தின் தலைத்துணி அசைந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். ஓடாமல் நின்ற வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி பீறிட்டது.

ஜலீல் ரோட்டோரம் உட்கார்ந்து டயரை உதைத்தார். கால் வலித்ததுதான் மிச்சம். "நான் கேட்டது ஒரு வண்டி" என்றார், யாரிடம் என்று தெரியாமல். "எல்லார் வண்டியும் ஓடுது. ஒரு வண்டி கேட்டேன், அவ்வளவுதான்."

தேயிலை லாரியில் கயிறு கட்டித் திரும்பினார்கள். பீருமேட்டு வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டார். பானெட்டை அதன்பிறகு அவர் திறக்கவில்லை. வண்டி இருக்கும் பக்கம் பார்ப்பதையே விட்டு, மண்டிக்குப் பின்வாசல் வழியாகப் போய்வந்தார். எண்பத்துமூன்றில் வைப்பின் தீவில் படகு வைத்திருந்த ஒரு சேட்டன் இன்ஜினைக் கேட்டபோது மறு பேச்சில்லாமல் கொடுத்தார். காயல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அது அங்கே ஒரு நாளும் கொதிக்காமல் ஓடுவதாக ஒச்சப்பன் வந்து சொன்னான். அதைக் கேட்ட இரவு ஜலீல் சாப்பிடவில்லை. ரேடியேட்டர் பழைய பித்தளைக்குப் போயிற்று, சக்கரங்கள் போயின. கல் அடுக்கி நிறுத்திய வெறும் கூட்டுக்குள் காற்று முன்போலவே வந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நெஞ்சு கட்டிய பிள்ளைகளைக் கொண்டுவந்து ரம்லத்தின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுச் சந்தைக்குப் போனார்கள்.

எண்பத்தைந்தின் வேனலில் குண்டூர் வற்றல் வந்து இறங்கிய ஒரு மத்தியானம், மூட்டை பிரிக்கும் நெடியில் ஜலீலுக்கே இருமல் நிற்கவில்லை. பழக்கம் தவறி முன்வாசல் வழியாக முற்றத்துக்கு வந்தார். கல்மேல் நின்ற வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு பின்கதவைத் திறந்தார்.

"கொஞ்சம் தள்ளு" என்றார்.

ரம்லத் முறத்தை மடியில் எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் பின் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காற்று அவர் நெற்றியில் பட்டு, சட்டைக்குள் இறங்கி, இருமலை எடுத்துக்கொண்டு போயிற்று.

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான்."

ஜலீல் தலையைச் சாய்த்துக்கொண்டார். பிரித்த மூட்டைக்கு விலை கேட்டு மண்டியிலிருந்து ஆள் வந்தபோது ரம்லத் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவங்க தூங்குறாங்க. அப்புறமா வா."