குருமூர்த்தியின் மூக்கு

2019 மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெரம்பலூர்ப் பக்கத்து வெங்காய வியாபாரி குருமூர்த்தியின் கொட்டகையில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்த பதினொரு பிள்ளைகளுக்கும் அவருடைய மூக்கு வந்துவிட்டது. அன்று சின்ன வெங்காயம் கிலோ முப்பத்தைந்து. பள்ளி விட்டு அவர்கள் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தொழிலாளர் துறை ஆய்வு அதிகாரி வேணுகோபால் வந்து, இதுகளெல்லாம் யார் என்று கேட்டிருந்தார். பதினாலு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். பள்ளி முடிந்தபின் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்பதும் அதே சட்டம். தாய்மாமனும் அதில் குடும்பம்தான். “எல்லாம் எந்தங்கச்சிங்க பிள்ளைங்க சார். நான் தாய்மாமன்,” என்றார் குருமூர்த்தி. அவருக்குத் தங்கை என்று ஒருத்தியும் கிடையாது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு வாசலுக்கு வெளியேதான் தண்ணீர் கொடுப்பார். வேணுகோபால் ‘குடும்பம்’ என்று எழுதி முடிப்பதற்குள் மூக்கு மாறியிருந்தது. அடுத்தடுத்த மாதங்களில் நெற்றி, தாடை, கீழுதட்டு மச்சம் எல்லாம் வந்து சேர்ந்தன.

மற்ற அம்மாக்கள் பழகிக்கொண்டார்கள். முத்தாயியால் முடியவில்லை. செத்துப்போன புருஷன் அய்யம்பெருமாளுக்கு ஒரு போட்டோகூட இல்லை. அவன் முகம் மிச்சமிருந்தது மகள் பிரவீணாவிடம்தான். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள், பாவி மனிதர்கள். மகளை வேலையிலிருந்து நிறுத்தினாள், முகம் திரும்பியபாடில்லை. டவுன் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். வேணுகோபால் நல்ல மனிதர். குழந்தைத் தொழிலாளர் பற்றிய உலக ஒப்பந்தத்தில் நாமும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அதற்கேற்ப இந்தக் குடும்பச் சலுகையை நீக்கினால் முகங்கள் தாமாகத் திரும்பும் என்று மேலிடத்துக்கு மூன்று வருடம் எழுதினார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. பிறகு அவருக்கு மாற்றல் வந்தது.

முத்தாயிக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. உட்காரவைக்க மாமன் மடி இல்லாமல், பன்னிரண்டு வயதாகியும் பிரவீணாவுக்குக் காது குத்தவில்லை. அலுத்துப்போன முத்தாயி ஒருநாள் தாம்பாளத்தில் வெற்றிலை, பூ, பழம் வைத்துக்கொண்டு குருமூர்த்தி வீட்டுக்குப் போனாள். அவர் மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணே, ஞாயித்துக்கெழம ஒங்க மருமவளுக்குக் காதுகுத்து. நீங்கதான் மடியில வச்சுக்கணும்.”

குருமூர்த்தி வந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். “யாருக்கு யாரு அண்ணன்? எனக்கும் ஒனக்கும் என்ன ஒறவு?” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

“இத அன்னைக்கே ஆபீசர்ட்ட சொல்லியிருக்கலாம்ல,” என்று தாம்பாளத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

வீட்டில் பிரவீணா அய்யம்பெருமாளின் மூக்கோடு சோறு தின்றுகொண்டிருந்தாள். முத்தாயி எதிரே உட்கார்ந்து அழுதாள். அன்று அவள் வெங்காயம் தொட்டிருக்கவில்லை.

மற்ற அம்மாக்களும் தாம்பாளம் தூக்கலாமா என்று யோசித்தார்கள். ஆனால் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொந்த மாமன் மடியில் எப்போதோ காது குத்தியாகிவிட்டது. கொட்டகைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இப்போது ஒரு வாரத்தில் மூக்கு வந்துவிடுகிறது. பள்ளியில் வாத்தியார் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டுத்தான் வருகை போடுகிறார். போன மாசியில் புது ஆய்வு அதிகாரி வந்தார். வரிசையாகப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல், சாடையைப் பார்த்தே ‘குடும்பம்’ என்று எழுதிக்கொண்டு போனார்.