பொத்தான் யார் செல்லம்

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அவள் கணவரிடமே விசாரித்தார்கள்.

மாடி வீட்டு அக்கா செருப்பைக் கழற்றும்போதே, "தம்பி எப்படித் தாங்கிக்கிறாரு?" என்று கேட்டுக்கொண்டு நேரே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் லென்ஸ் தீட்டும் கண்ணாடிக் கடையின் முதலாளி வந்தார். கூட வேலை பார்ப்பவர்கள் வந்தார்கள். நாய் டாக்டர்கூட அவருடைய போனுக்குத்தான் கூப்பிட்டார். பன்னிரண்டு வருடம் வளர்ந்த நாய்க்கு இத்தனை பேர் வருவார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை. எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்த டம்ளரை அவள் கையில் திருப்பித் தரும்போது ஒவ்வொருவரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "அவரைக் கவனிச்சுக்கோம்மா."

அவளுக்கு வயிறு எரிந்தது. செத்தது தன் நாயும்தான் என்று டீயோடு சேர்த்துத் தட்டில் வைத்தா கொடுக்க முடியும்?

அவள் தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் அவள் மெஷின். அதன் அடியில், மிதியை ஒட்டி இருக்கும் இடம் அந்த நாய்க்கு, பொத்தானுக்கு. குட்டியாக வந்த முதல் நாளே தரையில் கிடந்த ஒரு கோட்டுப் பொத்தானை விழுங்கிவிட்டான். அது வெளியே வரும் வரைக்கும் வீடே அவன் பின்னால் காகிதத்தை ஏந்திக்கொண்டு அலைந்தது. பெயர் அப்படித்தான் வைத்தாள். பெயர் வைத்தது அவள். குளிப்பாட்டியது, நகம் வெட்டியது, காதுக்கு மருந்து விட்டது, மாத்திரையை ரொட்டிக்குள் ஒளித்துக் கொடுத்தது, அவன் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் துப்பியபோது வாயைப் பிளந்து மறுபடி போட்டது, எல்லாம் அவள்தான்.

ஆனால் தெருவைக் கேட்டால் பொத்தான் அவர் செல்லம். ஏனென்றால் தெரு பார்த்தது அதைத்தான். சாயங்காலம் அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மெஷின் அடியிலிருந்து ஒரு பாய்ச்சல். வழவழத் தரையில் நாலு காலும் நாலு பக்கம் சறுக்க, வாசல் கேட்டில் போய் மோதி நின்று, அவர் மேல் ஏறி, முகத்தை நக்கி, ஒரே கூத்து. அப்புறம் இரண்டு பேரும் உலாவக் கிளம்பிவிடுவார்கள். ஜன்னலில் அவர்கள் முதுகு மறைகிற வரைக்கும் அவள் தைத்துக்கொண்டே பார்ப்பாள். ஒருநாள்கூட அவன் திரும்பிப் பார்த்ததில்லை. சாயங்காலம்தான் அவளுக்கு அவசர உருப்படிகள் வரும் நேரம். கூடப் போக வாய்த்ததே இல்லை.

போட்டோக்களும் அப்படித்தான். பொத்தானும் அவரும் சோபாவில், பொத்தானும் அவரும் மழையில், பொத்தான் அவர் மூக்குக்கண்ணாடியைக் கவ்வியபடி. எல்லாம் அவள் எடுத்தவை. ஒன்றே ஒன்றில் ஓரமாக அவள் கட்டைவிரல் விழுந்திருந்தது. கடை முதலாளி அம்மா அவற்றில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். கட்டைவிரல் இல்லாத படம்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட்டாள். அப்பாவோடு வெகுநேரம் பேசி, அழுது, பிறகு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அம்மா, அப்பா பாவம்மா. நீ பாட்டுக்குத் தையல் தையல்னு இருந்துடாதே. கொஞ்சம் கூட உட்காரு."

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அவள், கேட்கப்படாத கேள்விக்கு.

"உனக்கென்னம்மா, நீ தைரியசாலி."

போனை வைத்துவிட்டு, மெஷினில் நூல் கோக்க உட்கார்ந்தாள். ஊசிக்கண் கலங்கித் தெரிந்தது. இதற்கும் அவரிடம்தான் கண்ணாடி கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே அவளிடம் ஒன்று இருந்தது. யாரிடமும் சொல்லாத ஒன்று.

பொத்தான் போன மத்தியானம் அவர் கடையில் இருந்தார். டாக்டர் முன்னமே சொல்லிவிட்டார், இனி வலி இல்லாமல் இருந்தால் போதும் என்று. அவள் தைத்ததை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. அப்போது தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. அவர் வண்டி மாதிரியே கடகடப்பு. காலையிலிருந்து அசையாத தலை அவள் மடியிலிருந்து எழுந்தது. காது நிமிர்ந்தது. வாசலையே பார்த்தான். வால் தரையில் இரண்டு முறை தட்டியது. வண்டி நிற்காமல் போய்விட்டது. அவன் தலையை மறுபடி மடியில் வைத்தான். அவ்வளவுதான்.

அவள் மடியில் கிடந்துகொண்டு, அவள் கை அவன் நெற்றியில் இருக்கும்போதே, அவருக்காக எழுந்த தலை.

அவர் வந்ததும் முழங்காலிட்டு அவனைத் தடவிக்கொண்டே கேட்டார், "என்னைத் தேடினானா?"

"இல்லங்க" என்றாள். "தூங்கிட்டே இருந்தான். அப்படியே போயிட்டான்."

அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னதாக அன்றிலிருந்து ராத்திரிதோறும் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. வந்த ஆட்களும் ஆறுதலும் படமும் அவருக்கே போகட்டும். இதையும் எடுத்துக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கொடுத்துவிட்டால் அவளுக்கென்று என்ன மிஞ்சும்? மெஷின் அடியில் காலி இடம் மிஞ்சும். மிதிக்கும்போது கால் இன்னும் ஒதுங்கியே மிதித்தது, அங்கே ஒரு வால் கிடக்கிற மாதிரி.

அவர் உலாவப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. கடையிலிருந்து வந்ததும், பொத்தானோடு போகும்போது போடும் அந்தப் பழைய சாம்பல் நிற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். அதைப் பார்த்தும் அவளுக்குப் புகைந்தது. துக்கப்படுவதற்குக்கூட அவருக்கு ஒரு நேரம், ஒரு தெரு, ஒரு சட்டை. அவளுக்கு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனபோது அந்த மேல்சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையைத் துழாவினாள். உள்ளே பஞ்சு மாதிரி ஏதோ திணித்திருந்தது. இழுத்தால், துணித் துண்டுகள். நாய் முடி ஒட்டிக்கொண்டு, கடிபட்டு, எச்சில் காய்ந்து மொரமொரத்த துண்டுகள். ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தது. இது பள்ளிக்கூடச் சீருடை நீலம். இது மாடி வீட்டு அக்கா அளவு தப்பு என்று மூன்று முறை பிரிக்க வைத்த பச்சைப் பட்டு. இது நர்ஸ் பெண்ணின் வெள்ளை. எல்லாம் அவள் வெட்டிப் போட்டது.

ஓஹோ, என்று நினைத்தாள். என் துணியைக் கொண்டுபோய்க்கூட இவர்தான் அவனோடு விளையாடியிருக்கிறார்.

கடைசியாக ஒரு துண்டு வந்தது. கருஞ்சிவப்பு வெல்வெட். திரைச்சீலைக்கு வந்த துணி. முடி ஒட்டவில்லை, கடிபடவில்லை. அதை அவள் வெட்டியது நேற்று. பொத்தான் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். அவள் துண்டுகளை மெஷின் பலகையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள். அவர் துவட்டுவதை நிறுத்தினார்.

"துவைக்கணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"வெல்வெட் எதுக்கு?" என்றாள்.

ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்றார். பைக்குள்ளேயா என்று அவள் கேட்டாள். கண்ணாடி துடைக்க எடுத்திருப்பேன் என்றார். வெல்வெட்டில் கண்ணாடி துடைத்தால் கடை முதலாளி சும்மா விடுவாரா என்று அவள் கேட்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தலை துவட்டிய துண்டை மடியில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் அந்தப் பச்சைப் பட்டையே பார்த்தார்.

"முனையில சலூன் இருக்கில்ல" என்றார். "அதைத் தாண்ட மாட்டான்."

"யாரு?"

"உன் பிள்ளைதான். இங்கேருந்து என்னமோ என்னை இழுத்துட்டுப் போற மாதிரி போவான். முனை வந்ததும் தொப்புன்னு உட்கார்ந்துடுவான். வீட்டுப் பக்கமே பார்த்துக்கிட்டு. இழுத்தா படுத்துடுவான். சலூன்ல இருக்கறவன் எல்லாம் பாதி முகத்துல சோப்போட வந்து சிரிப்பானுங்க. ஒருநாள் நீ வெட்டின துணி ஒண்ணு என் சட்டையில ஒட்டிக்கிட்டு வந்திருந்தது. அதை மோந்து பார்த்தான். எழுந்து வந்துட்டான்."

அவள் சீருடை நீலத்தின் கடிபட்ட விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னையிலேருந்து தினம் ஒண்ணு எடுத்துப்பேன். பழசைக் காட்டினா மதிக்க மாட்டான், அன்னன்னைக்கு உன் கைபட்டதா இருக்கணும். முனையில கொடுத்தா வாயில கவ்விக்கிட்டு ஊரெல்லாம் வருவான். நீ உங்க அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனே பாரு, அந்த வாரம் முழுக்க சலூனோட சரி."

"வாரம் முழுக்கவா?"

"முழுக்க."

"ஒருநாள்கூடத் தாண்டலையா?"

"அதான் சொல்றேனே."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். அவளுக்கு உள்ளே பந்து ஒன்று துள்ளியது. அப்படியானால் திரும்பிப் பார்க்காமல் போனதெல்லாம் இந்த ஜன்னலில் தெரிகிற தூரம் வரைக்கும்தான். மாடி வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, மகளுக்குப் போன் போட்டு, முதலாளி அம்மாவை வரவழைத்து உட்கார வைத்து, இவர் வாயாலேயே இதை மறுபடி சொல்ல வைக்க வேண்டும் போல இருந்தது.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"ஏன் சொல்லணும்? எனக்கு அவன் கொடுத்தது வாசல்ல ரெண்டு நிமிஷம். நாள் பூரா உன் காலடியில கிடந்தான். ராத்திரி நீ எழுந்து தண்ணி குடிக்கப் போனாக்கூட பின்னாலேயே வருவான். நான் கீழே விழுந்தாலும் ஒரு கண்ணைத்தான் திறந்து பார்ப்பான். அந்த ரெண்டு நிமிஷத்தை வெச்சு ஊர்ல அவன் என் செல்லம்னு பேர் வாங்கிட்டேன். அதையும் உன்கிட்ட விட்டுக் கொடுக்கணுமா?" வெல்வெட்டை எடுத்து விரலால் நீவினார். "இப்ப கூட கை பழகிப் போய் எடுத்துட்டேன். முனை வந்ததும் கை தானா பைக்குள்ள போகுது."

அவள் சிரிக்க வாயெடுத்தாள்.

"கடைசியிலயும் உன் மடிதான்" என்றார் அவர். "என்னைத் தேடக்கூட இல்லையாமே. சரி, விடு. அவனுக்கு நான் யாரு?"

வருத்தப்படுகிற குரலாக இல்லை அது. கணக்கை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி சொன்னார். அவள் ஜெயித்துவிட்டாள். முழுசாக. இனி எதுவும் பேசாமல் இந்தத் துண்டுகளை வாரி எடுத்தால் போதும், பொத்தான் என்றென்றைக்கும் அவள் நாய். அவருக்கே இனி சந்தேகம் வராது. வாரி எடுக்கத்தான் கையை நீட்டினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தலையிலிருந்து தோளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"தேடினான்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"ஒரு ஸ்கூட்டர் போச்சு. உங்க வண்டி மாதிரியே சத்தம். தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தான். வாலை ஆட்டினான். ரெண்டு தடவை. அப்புறம்தான் போனான்." நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "எனக்குப் பொறுக்கலைங்க. என் மடியில இருந்துக்கிட்டு உங்களுக்கு ஆட்டறானேன்னு. அதான் சொல்லலை."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் எழுந்தார்தான். வந்து, மெஷினை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். பலகை விளிம்பில் தலை இடித்தது. தேய்த்துக்கொண்டார்.

"எங்கே படுத்திருந்தான்?"

அவளும் இறங்கி உட்கார்ந்து காட்டினாள். தலை இந்தப் பக்கம். வால் அந்தப் பக்கம். அவர் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். வால் தட்டிய இடத்தையும் கேட்டு, அங்கேயும் வைத்தார். பிறகு அழுதார். இத்தனை பேர் வந்து விசாரித்தபோதெல்லாம் வராத அழுகை, தோள் குலுங்க வந்தது. அவள் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். துவட்டும்போது அவளுக்கும் வந்துவிட்டது. யாரும் யாரையும் கவனித்துக்கொள்ளச் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் மூக்கை உறிஞ்சினார்.

"அந்த வண்டி யாரோடது? பார்த்தியா?"

"எப்படிங்க பார்ப்பேன்? இங்க தரையில இல்ல உட்கார்ந்திருந்தேன்?"

"எவனோ ஒருத்தன்" என்றார் அவர். குரலில் நிஜமாகவே பொறாமை இருந்தது. "எனக்கு ஆட்ட வேண்டியது. எவனோ ஒருத்தன் சும்மா இந்த வழியா போய் வாங்கிட்டுப் போயிருக்கான். அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதே சமயம் அந்த முகம் தெரியாதவன் மேல் அவளுக்கும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

வெல்வெட் துண்டு அவர்கள் இருவருக்கும் நடுவில் தரையில் கிடந்தது. சாயங்காலம் முனை வரைக்கும் தானும் வருவதாக அவள் சொன்னாள். உருப்படிகள் என்னாவது என்று அவர் கேட்டார். கிடக்கட்டும் என்றாள்.

தெருவில் ஒரு ஸ்கூட்டர் கடகடத்துக்கொண்டு வந்தது. மெஷின் அடியில் இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பின.